தெற்குப் பாதி

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் சார். இல்லை இல்லை, லேப்டாப்பை மூட வேண்டாம். நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பாருங்கள். நான் யாரையும் தொந்தரவு செய்கிற ஆள் இல்லை. பாவூர்சத்திரத்தில் வந்து கேட்டுப் பாருங்கள், அச்சாபீஸ் காசிராஜன் எப்படி என்று. பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும்.

ஒரே ஒரு சந்தேகம். உங்களைப் பார்த்தால் கம்ப்யூட்டர் படித்தவர் மாதிரி தெரிகிறது. பழைய கம்ப்யூட்டர் ஒன்று. மெமரி இரண்டு ஜிபி, ஹார்ட் டிஸ்க் நூற்றறுபது. அதில் பழைய விண்டோஸும் இருக்க வேண்டும், பக்கத்திலேயே விண்டோஸ் மாதிரி இலவச லினக்ஸ் ஒன்றும் வேண்டும், லேசாக, மிஷின் மூச்சு வாங்காத மாதிரி. நீங்களாக இருந்தால் எதைப் போடுவீர்கள்? பப்பியா, லுபுன்டுவா? மெதுவாகச் சொல்லுங்கள். பஸ் இப்போதுதான் ஆலங்குளத்துக்கே வருகிறது.

இல்லை, இருங்கள். முதலில் நான் சொல்லி முடித்துவிடுகிறேன். முழுசாகக் கேட்டால்தானே நியாயம் சொல்ல முடியும்.

என் தம்பி குத்தாலிங்கம் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வலது கை. கட்டைவிரலைத் தவிர மற்றதெல்லாம் நசுங்கிவிட்டது. இன்றைக்கு வீட்டுக்கு விடுகிறார்கள். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து கடையில் உட்கார வைக்க வேண்டும், அதற்குத்தான் போகிறேன். அவனோ கோயம்புத்தூருக்குப் போகிறானாம். அங்கே ஏதோ கூட்டாளி கூப்பிடுகிறானாம். யார் விடுவது? அவன் இல்லாமல் கடை இல்லை சார். அதை அவனிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறிவிடும்.

எங்கள் அப்பா சாகும்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. நான்தான் வளர்த்தேன். அடித்து வளர்த்தேன் என்று பூரணம் சொல்லுவாள். பூரணம் என் வீட்டுக்காரி. அவள் சொல்வது பொய். நான் அவனைக் கைநீட்டி அடித்ததே கிடையாது. ஸ்கேல்தான். கடையில் பேப்பர் அளக்கிற மர ஸ்கேல்.

எங்கள் கடையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. ஆனால் கடை நிற்பது கொடை நோட்டீஸில். உங்கள் பக்கம் கொடை உண்டா? அம்மன் கோயில் திருவிழாவைத்தான் கொடை என்போம். ஊர் முழுக்கப் பெயர் வரும் நோட்டீஸில். யார் பெயருக்கு மேலே யார் பெயர் என்பதுதான் அதில் விஷயம், அம்மன் பெயர்கூட அப்புறம்தான். ஒரு பெயர் ஒரு வரி கீழே இறங்கினால் அரிவாள் வந்துவிடும். ஊத்தடிப்பட்டியில் அப்படி ஒரு வருஷம் வந்தது. அங்கே தவசிக்கண்ணு என்று ஒரு பெரிய மனுஷர், அவருக்கு இன்றைக்கும் இடது காது பாதிதான். வெட்டியது சொரிமுத்து வகையறா. அதற்குப் பிறகு இரண்டு வகையறாவும் எங்கள் கடையில் வந்து உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்கச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் ஒரு வரிசைக்கு ஒத்துக்கொண்டார்கள். அந்த வரிசை எங்கள் கம்ப்யூட்டரில் இருந்தது. வருஷா வருஷம் அதைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அடித்துக் கொடுப்போம். பழைய நோட்டீஸ் ஊரில் ஒன்றுகூடவா இல்லை என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒவ்வொருத்தனும் தன் பெயர் மேலே இருந்த வருஷத்து நோட்டீஸைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறான். அடுத்தவன் காட்டுகிற காகிதத்தை எவனும் நம்ப மாட்டான். எங்கள் கம்ப்யூட்டரை நம்புவான்.

அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் சார். கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஒத்துக்கொள்கிறேன். ஆன் செய்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டு வரலாம். அதைப் போய் இவன் செத்துவிட்டது என்றான்.

“அண்ணே, இந்த விண்டோஸ் செத்துப்போச்சு. நெட்டு தெறக்க மாட்டேங்கு. வாட்ஸப்புல வார மேட்டர எடுக்க முடியல. எல்லாவனும் எதுத்தாப்புல ஃபிளக்ஸ் கடைக்கிப் போறான். ஆனா நம்ம பழைய ஃபான்ட்டு, பழைய ஃபைலு எல்லாம் இதுல மட்டுந்தான் ஓடும். அதனால இது ஒரு ஓரமா கெடக்கட்டும். பக்கத்துல லேசா ஒண்ணப் போடுவோம். ஆன் பண்ணும்போது எது வேணும்னு அதுவே கேக்கும்.”

ஒரு ஓரமாக! கேட்டீர்களா? நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி வளர்த்த விண்டோஸ் ஒரு ஓரமாகக் கிடக்க வேண்டுமாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பசை டப்பாவைத்தான் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவன் துணியை எடுத்துத் துடைத்தான். அப்படித்தான் எங்களுக்குள் பேச்சு முடியும். நான் சத்தம் போட மாட்டேன், அவன் எதிர்த்துப் பேச மாட்டான். நல்ல குடும்பம் சார்.

ஆனாலும் நான் இடம் கொடுத்தேன். சரி, காட்டு, பார்ப்போம் என்றேன். ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு வந்தான். முதலில் பப்பி. பெயரே நாய்க்குட்டி. “பழைய மிஷினுக்கு இதைவிட லேசா எதுவும் கெடயாதுண்ணே, மொத்தமும் மெமரிலேயே உக்காந்துக்கிடும்” என்றான். கண்ணீர் அஞ்சலி அடிக்க வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அம்மா செத்து இன்னும் பிணம்கூட எடுக்கவில்லை. இவன் ஆன் செய்கிறான். சார், அது குரைத்தது. உண்மையாகவே. ஸ்பீக்கரில் லொள் என்று. செத்த வீட்டுக்காரன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? ஸ்கேலை எடுத்து ஸ்பீக்கரைப் போட்டேன் ஒரு போடு. ஸ்பீக்கர் இரண்டாகப் போயிற்று. ஸ்கேலும் போயிற்று. இவன் விரலிலும் கொஞ்சம் பட்டிருக்கும், ஏனென்றால் விரலை உதறினான்.

“சத்தத்த அமத்திக்கிடலாம்ணே.”

“நாய அமத்தலாம்ல. பேர என்ன செய்வ?”

அடுத்தது ஒன்று. திறந்ததும் மூலையில் ஒரு எலிப் படம். அச்சாபீஸில் எலி வைத்துக்கொள்வானா எவனாவது? பேப்பர்க் கட்டு எல்லாம் என்ன ஆகும்? அதை நான் பார்க்கவே இல்லை, வயரைப் பிடுங்கிவிட்டேன். அவன் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பை நிறுத்திவிட்டான். நல்ல பையன்.

மூன்றாவதுதான் லுபுன்டு. ஒரு குருவிப் படம். குருவி பரவாயில்லை என்றேன். வேகமாகத்தான் திறந்தது, டீக்கடைக்குப் போக நேரமில்லை. வாட்ஸப் வந்தது. வந்த மேட்டரைப் பிடித்து வைத்துக் காட்டினான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவனே பெற்ற பிள்ளை மாதிரி. நான் பேப்பர்க் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறேன், கொஞ்ச நேரம் சும்மா விட்டதற்கு அது கதவைப் பூட்டிக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கிறது. என் கடை, என் மேசை, என் நாற்காலி. நீ யார் என்று என்னைக் கேட்கிறது!

“சும்மா எண்டர் தட்டுண்ணே. பாஸ்வேர்டு ஒண்ணும் கெடயாது.”

“பாஸ்வேர்டே இல்லாத வீட்டுக்கு எதுக்குல கதவு?”

தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன். கீபோர்டில் இரண்டு மூன்று பொத்தான் தெறித்துப் பூரணத்தின் தூக்குவாளியில் விழுந்தன. அவள் சோறு கொண்டுவந்திருந்தாள். “கொழுந்தனாரு நல்லதுக்குத்தானங்க சொல்லுதாரு” என்றாள். நான் அவளைப் பார்த்தேன். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனாலும், மறுபடி சொல்கிறேன், நான் இடம் கொடுத்தேன். குருவியே இருக்கட்டும் என்றேன். அப்போது அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதில்தான் எல்லாம் கெட்டது.

“எனக்கு இருபது ஜிபி போதும்ணே. கடைசில ஒரு மூலைல வச்சுக்கிடுதேன். மத்ததெல்லாம் விண்டோஸுக்கே இருக்கட்டும்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். நூற்றறுபதில் தம்பிக்கு இருபது. மீதியெல்லாம் மூத்தவன் அமுக்கிக்கொண்டான் என்று ஊர் பேசாதா? அப்பா இல்லாத பிள்ளையை ஏமாற்றினான் என்று? அவன் வேண்டுமென்றே சொன்னான் சார். என்னைக் கேவலப்படுத்தத்தான். “சரிபாதி எடுத்துக்கோல” என்றேன். வேண்டாம் என்றான். “எடுத்துக்கோ” என்றேன். “எனக்குத் தேவயில்லண்ணே” என்றான். நான் வளர்த்த பிள்ளை, நான் கொடுப்பதை வேண்டாம் என்கிறான். சட்டைக் காலரைப் பிடித்து, எடுத்துக்கொள்கிறாயா இல்லையா என்று கேட்டேன். எடுத்துக்கொள்கிறேன் என்றான்.

பிரிப்பது என்று வந்துவிட்டால் முறைப்படி பிரிக்க வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தாய்மாமன் சங்கிலி மாமாவைக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். வெற்றிலை பாக்குத் தட்டு, பழம், எல்லாம் கம்ப்யூட்டர் முன்னால். ஸ்கிரீனில் ஒரு நீளப் பட்டை இருந்தது, அதுதான் ஹார்ட் டிஸ்க் என்றான். இடது பக்கம் முழுக்க விண்டோஸும் நம் ஃபைல்களும். வலது பக்கம் காலி.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இதுல எதுல தெக்கு?”

“மாமா, அது வெறும் படம்.”

“படமோ பத்திரமோ. நம்ம வகையறாவுல மூத்தவனுக்குத் தெக்கு, எளயவனுக்கு வடக்கு. வீடானாலும் வயலானாலும் அதான். மேச கெழக்கப் பாத்துக் கெடக்கு. அப்ப வலது கைப் பக்கந்தான் தெக்கு.”

“உள்ள அது வட்டமா சுத்துது மாமா. அதுக்குத் தெக்கு வடக்கே கெடயாது.”

“ஏல, சுத்துற பூமிக்கே தெக்கு வடக்கு இருக்குல்லா.”

அவர் சொன்னதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? மூத்தவன் நான், விண்டோஸ் என்னுடையது, அதனால் விண்டோஸ் வலது பக்கம் வர வேண்டும். குருவி இடது பக்கம். பேச்சு முடிந்தது.

இவன் முடிக்க விடவில்லை. “அண்ணே, இருக்கிற எடத்துல இருக்கட்டும்ணே. நகத்துறது ரொம்ப நேரம் பிடிக்கும். நடுவுல எதாவது ஆச்சுன்னா அத்தனையும் போயிரும். ஊத்தடிப்பட்டி நோட்டீசு போயிரும். நகத்தணும்னா மொதல்ல எல்லாத்தையும் வேற டிஸ்க்குல காப்பி எடுத்துக்கிடுவோம். கூட்டாளிட்ட ஒண்ணு இருக்கு, வாங்கிட்டு வந்துருதேன்.”

நம் வீட்டுச் சாமானை அடுத்தவன் வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறான், மாமா முன்னாலேயே. லேசாகத் தட்டினேன். மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளகிய மூக்கு. ஸ்கேல் பட்டால்கூட வரும். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டே, “ஏல, நகத்து. மூத்தவன் சொல்லுதாம்லா” என்றார்.

மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பட்டையைப் பிடித்து வலது பக்கம் இழுத்துவிட்டு ஏதோ அழுத்தினான். பச்சையாக ஒரு கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. “இனி யாரும் தொடக் கூடாது. கரண்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கு. இது முடியிற மட்டும் யாரும் கிட்ட வராதீங்க” என்றான். யாரும் என்றால் யார்? கடையில் இருந்தது நான்தானே. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

மாமா பழத்தைத் துண்டில் கட்டிக்கொண்டு போனார். மத்தியானம் ஊத்தடிப்பட்டிக்காரர்கள் வந்தார்கள். ஒரு ஆட்டோவில் தவசிக்கண்ணு, அவர் மகன். இன்னொரு ஆட்டோவில் சொரிமுத்து, கூட இரண்டு தடிப்பயல்கள். வரும்போதே ஒருத்தனை ஒருத்தன் முறைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

“வே காசிராசா, கொட நோட்டீச எடும். வரிசயப் பாத்துட்டுப் போறோம்” என்றார் தவசிக்கண்ணு.

“இப்பப் பாக்க முடியாது, சாயந்தரம் வாங்க” என்றான் என் தம்பி. நான் இருக்கும்போது அவன் பதில் சொல்கிறான், கவனித்தீர்களா.

சொரிமுத்து சிரித்தான். “என்ன மறைக்கீங்க? பாதிக் காது பேர மேல ஏத்திட்டீங்களா?”

அவ்வளவுதான். தவசிக்கண்ணு மகன் ஸ்டூலைத் தூக்கிவிட்டான். தடிப்பயல் ஒருத்தன் கார்டு கட்டுகளை அள்ளி எறிந்தான். நான் நடுவில் நின்று கத்துகிறேன். “காட்டுல, வரிசயக் காட்டித் தொல” என்கிறேன். இவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மிஷின் முன்னால் நிற்கிறான், பிள்ளைத்தாய்ச்சிக்குக் காவல் நிற்கிறவன் மாதிரி.

“அண்ணே, பாதி வீடு வண்டில இருக்குண்ணே. இப்ப நிப்பாட்டுனா அந்த வீட்டுலயும் சாமான் இருக்காது, இந்த வீட்டுலயும் இருக்காது. கால்ல விழுதேன், கொஞ்ச நேரம்.”

அப்போது சொரிமுத்து ஒன்று கேட்டான். “கட ஒம்ம கடைன்னுல்லா நெனச்சேன். ஒம்ம தம்பி கடயா வே?”

இதற்கு என்ன பதில் சார்? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? குனிந்து வயரைப் பிடுங்கினேன். இதுதான் பதில். யார் கடை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பச்சைக் கோடு போயிற்று. பிறகு நானே வயரைச் சொருகி ஆன் செய்தேன். கறுப்பு. ஒரு மூலையில் வெள்ளையாக ஒரு கோடு விட்டுவிட்டு மின்னுகிறது. விண்டோஸ் இல்லை, குருவி இல்லை, ஊத்தடிப்பட்டி இல்லை.

அவன் வேலை சார் இது. முதலிலேயே அவன் வைத்த குருவி உள்ளே இருந்த எல்லாவற்றையும் தின்றிருக்க வேண்டும்.

தவசிக்கண்ணு மகன்தான் முதலில் அடித்தான். ஸ்டூல் சொரிமுத்து தலையில் உடைந்தது. கல்யாணப் பத்திரிகைக் கட்டு மேலே ரத்தம், அது மணமக்கள் பெயர் அடித்து அன்றைக்குக் கொண்டுபோக வேண்டியது. கட்டிப் புரண்டு தெருவுக்குப் போய்விட்டார்கள். தெருவில் போய் என்ன செய்தாலும் எனக்கு என்ன. நான் திரும்பிப் பார்க்கிறேன், இவன் வயரையெல்லாம் கழற்றி, கம்ப்யூட்டர் பெட்டியைக் கக்கத்தில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

“எங்கல?”

“திருநெல்வேலியில கூட்டாளி ஒருத்தன் இருக்காண்ணே. இனி யாரும் ஆன் பண்ணாம இருந்தா பாதியாவது எடுத்துரலாம்.”

பாதி! எந்தப் பாதி? அவன் பாதியை மட்டுமா தூக்கிக்கொண்டு போகிறான், என் பாதியையும் அல்லவா. மாமா உட்கார்ந்து பிரித்த சொத்து. வாசலில் செருப்பை மாட்டப் பெட்டியைப் படியில் வைத்தான். நான் ஷட்டரை இழுத்தேன்.

ஷட்டரைத்தான் இழுத்தேன். அவனை நான் தொடவே இல்லை, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். என் கடை, என் ஷட்டர், இழுக்க எனக்கு உரிமை உண்டு. அவனுக்குக் கையை எடுக்கத் தெரிய வேண்டாமா? பெட்டியின் மேல் விழுந்துவிடும் என்று கையைக் கொண்டுபோய் அதன் மேலே வைக்கிறான். கம்ப்யூட்டருக்கு அடிபடக் கூடாதாம், கைக்குப் படலாமாம். அப்படி ஒரு முட்டாள். ஷட்டர் பாதியில் தட்டி நின்றுவிட்டது. பழைய ஷட்டர், சில நேரம் அப்படி நிற்கும். அதனால் மறுபடி கொஞ்சம் தூக்கி, நன்றாக இழுத்தேன்.

அவன் கத்தினானா என்று எனக்கு ஞாபகம் இல்லை. பூரணம் கத்தினாள். எங்கிருந்து வந்தாளோ. பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரும் அவளும்தான் ஷட்டரைத் தூக்கினார்கள். என்னைப் பிடித்துக்கொண்டார்கள். எதற்குப் பிடிக்கிறீர்கள், நான் என்ன செய்துவிட்டேன் என்று கேட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பூரணம் அவனை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டாள். பெட்டியையும் ஏற்றியிருக்கிறாள் சார். கை தொங்குகிறது, அந்த நேரத்திலும் அவன் பெட்டியைக் கேட்டானாம்.

போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டிருக்கிறார். ஷட்டர் தானாக விழுந்தது என்று சொல்லியிருக்கிறான். பார்த்தீர்களா? அவனே சொல்லிவிட்டான். தானாக விழுந்தது. பிறகு என் மேல் என்ன குற்றம்? ஊருக்குள் சிலர் என்னைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகிறார்கள். போலீஸில் எழுதியதையே நம்பாத ஜனங்கள்.

மாறாந்தை தாண்டிவிட்டதா? சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலையில் பூரணம் ஃபோன் செய்தாள். அவள் அங்கேயேதான் இருக்கிறாள், வீட்டுக்கே வரவில்லை. “இங்கேருங்க, நீங்க வரவேண்டாம். கொழுந்தனாரு சொல்லச் சொன்னாரு. நீங்க வார்டுக்குள்ள காலெடுத்து வைக்காத மட்டும் ஷட்டர் தானா விழுந்ததாவே இருக்குமாம். வச்சீங்கன்னா, உள்ளத உள்ளபடி சொல்லிருவாராம்.” ஃபோனை வைக்கிறதுக்கு முன்னால், “அவரு சொல்லலன்னா நான் சொல்லுவேன்” என்றாள்.

என்ன மரியாதை இல்லாத பேச்சு பாருங்கள். உள்ளது என்ன உள்ளது? உள்ளதைத்தான் முழுக்க உங்களிடம் சொல்லிவிட்டேனே. இதில் மறைக்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் துணிந்து போகிறேன். நேராக வார்டுக்குள் போவேன். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது, இடது கையால் தட்டட்டும் என்பேன். ஊத்தடிப்பட்டிக் கொடை நெருங்கிவிட்டது. வரிசை அவன் மனசில் இருக்கும், ஒவ்வொரு வருஷமும் அவன்தானே தேதி மாற்றினான். நேற்று அங்கே ஒருத்தனைக் குத்திவிட்டார்கள், யார் பெயர் மேலே என்கிற தகராறில். அந்தப் பாவம் இவன் தலையில்தானே. வந்தால் குருவிக்கே மொத்தக் கம்ப்யூட்டரையும் கொடுக்கிறேன் என்று சொல்லப் போகிறேன். மொத்தத்தையும்! மறுபடி வேண்டாம் என்று மட்டும் அவன் சொல்லிப் பார்க்கட்டும்.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். பப்பியைப் போட்டிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது, அப்படித்தானே?

என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். எதைப் போட்டிருந்தாலும் வயரைப் பிடுங்கினால்... ஓ. நீங்களும் அவனைப் போலத்தான் பேசுகிறீர்கள். அவனும் இப்படித்தான், தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக.

பேட்டை வந்துவிட்டது. இங்கே எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? டிக்கெட் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எடுத்தீர்களே, நான் பார்த்தேன். உட்காருங்கள் சார். ஒரு யோசனை தோன்றுகிறது. நீங்கள் என்கூட வார்டுக்கு வாருங்கள். ஐந்து நிமிஷம். படித்தவர் சொன்னால் கேட்பான். தப்பு முழுக்க உன் பேரில்தான், அண்ணன் தங்கமான மனுஷன், அவரோடு ஊருக்குப் போ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

எதற்குச் சத்தம் போடுகிறீர்கள், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கையை விடச் சொல்கிறீர்களா? விடுகிறேன் சார். வருகிறேன் என்று சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.